"முதல்ல நல்லா நடக்கட்டும், அப்புறம் விளையாடலாம்": சிபி உள்ள குழந்தைங்களோட விளையாட்டு பத்தி ஆராய்ச்சி என்ன சொல்லுது

நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா எழுதிடறேன், ஏன்னா இதே கேள்வியோட நிறைய அம்மா அப்பா இருக்காங்க. பையனுக்கு 9 வயசு, செரிப்ரல் பால்சி, அதாவது சிபி, மூளைல வந்த பாதிப்பால உடம்பு அசைவு கஷ்டமாகற நிலை. வாக்கர் புடிச்சு நடக்கறான், பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா எல்லாம் புரிஞ்சுக்கறான். ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு நாள் பிசியோ, ஒரு நாள் ஸ்பீச், ஒரு நாள் ஆக்குபேஷனல் தெரபின்னு (அன்றாட வேலைங்கள செய்ய பழக்கற தெரபி) வாரம் ஓடிடுது. சாயந்தரம் தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடறப்ப கேட் கம்பிய புடிச்சுட்டு பாத்துட்டே நிக்கறான். நீங்க ஒரு நாள் தெரபிய விட்டுட்டு விளையாட அனுப்பலாமான்னு கேட்டா, மாமியார் "முதல்ல நல்லா நடக்கட்டும், அப்புறம் விளையாடலாம்"ங்கறாங்க. இதுக்கு ஏதாவது ஆராய்ச்சி இருக்கா, இல்ல நான் ஆசைல கேக்கறேனான்னு எழுதிருந்தீங்க.

இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல நடந்த ஆராய்ச்சி இருக்கு. உங்க ஆசை நியாயமானதுன்னு தான் அது சொல்லுது. நான் குழந்தைங்களோட வேலை பாக்கற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதனால தெரபி வேணாம்னு சொல்ல வரல. தெரபி முடிஞ்சா தான் விளையாட்டுங்கற வரிசை தான் தப்பு, நீச்சல் கத்துக்கிட்டு தான் தண்ணில இறங்கணும்னு சொல்ற மாதிரி. கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன், பொறுமையா படிங்க.

முன்னாடி எல்லாம் இந்த ஃபீல்டே உங்க மாமியார் சொல்ற மாதிரி தான் யோசிச்சுது, அதனால அவங்கள குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. தசை இறுக்கத்த குறை, மூட்ட நீட்டு, பேலன்ஸ் வரவை, இதெல்லாம் வந்தா குழந்தை தானா வெளில போய் மத்த பசங்களோட சேர்ந்துக்கும்னு நம்பிட்டு இருந்தாங்க. 2001ல உலக சுகாதார நிறுவனம் ஐசிஎஃப்னு ஒரு வகைப்பாடு கொண்டு வந்துச்சு. உடம்பு எப்படி வேலை செய்யுது, என்னென்ன செய்ய முடியுது, வாழ்க்கைல எதுலெல்லாம் கலந்துக்கறாங்கன்னு மூணையும் தனித்தனியா பாக்கணும், சுத்தி இருக்கற சூழல் இந்த மூணையும் பாதிக்கும்னு அது சொல்லுச்சு. இங்க தான் ஒரு பெரிய விஷயம் மாறுச்சு, ஏன்னா கலந்துக்கறது தனியா ஒண்ணுன்னா அத தனியா அளக்கணும், தனியா அதுக்குன்னு வேலை பாக்கணும், கால் சரியானா கூடவே வந்துடும்னு விட்டுட முடியாது.

இத ரொம்ப சீரியஸா எடுத்து செஞ்சவங்க கனடா ஆளுங்க. ஒன்டாரியோ மாகாணத்துல ஹாமில்டன்ல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டி இருக்கு, அங்க 1989ல மேரி லாவும் பீட்டர் ரோசன்பாமும் சேர்ந்து கேன்சைல்டுங்கற ஆராய்ச்சி மையத்த ஆரம்பிச்சாங்க. மேரி லா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ரோசன்பாம் குழந்தைங்க டாக்டர். 2003ல ஜில்லியன் கிங் அவங்களோட சேர்ந்து, ஒரு குழந்தை ஓய்வு நேரத்துல என்ன செய்யுதுங்கறத எதெல்லாம் தீர்மானிக்குதுன்னு ஒரு மாடல் எழுதினாங்க, அதுல குழந்தை, குடும்பம், சூழல்னு மூணு பக்கமும் இருந்துச்சு. அப்புறம் அத நிஜமாவே சோதிச்சு பாக்க ஒன்டாரியோல உடல் ஊனம் உள்ள 427 குழந்தைங்கள, 6லேர்ந்து 14 வயசு வரைக்கும், வருஷக் கணக்கா பின்தொடர்ந்து கேட்டாங்க. 2006ல அதோட முடிவுகள் வர ஆரம்பிச்சுது.

அந்த முடிவுகள்ல ரெண்டு விஷயத்த உங்களுக்காக எடுத்து சொல்றேன்.

ஒண்ணு, உடம்பால அதிகம் முடியாத குழந்தைங்க குறைவான விஷயங்கள்ல தான் கலந்துக்கறாங்க, இது நாம எதிர்பாக்கறது தான். ஆனா கலந்துக்கறப்ப கிடைக்கற சந்தோஷம் உடம்பால எவ்வளவு முடியும்ங்கறதுக்கு ஏத்த மாதிரி குறையல. நடக்கற குழந்தைக்கும் வீல்சேர்ல இருக்கற குழந்தைக்கும் செய்யற விஷயத்துல வர்ற மகிழ்ச்சி கிட்டத்தட்ட ஒண்ணு தான். "இவனால ஓட முடியாது, போனா பாவம் ஏங்கிப் போயிடுவான், அதுக்கு வீட்டுலயே இருக்கட்டும்"னு நாம பாசத்துல எடுக்கற முடிவு இருக்கே, அதுக்கு இந்த ஆராய்ச்சில ஆதாரமே இல்ல.

ரெண்டாவது, எது நேரடியா ஒரு குழந்தையோட பங்கேற்ப தீர்மானிக்குதுன்னு கணக்கு போட்டு பாத்தப்ப மூணு விஷயம் முன்னாடி வந்து நின்னுச்சு. குழந்தையால என்ன முடியும்ங்கறது ஒண்ணு. குழந்தைக்கு என்ன பிடிக்கும்ங்கறது ஒண்ணு. மூணாவது, அந்த குடும்பம் எவ்வளவு வெளில போகுது, நாலு பேரோட பழகுது, சேர்ந்து பொழுது போக்குதுங்கறது. இந்த மூணாவது தான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம்னு எனக்கு தோணுது. ஏன்னா நம்ம வீடுகள்ல முதல்ல நின்னு போறதே அது தான். கல்யாணத்துக்கு போனா "ஏன் இப்படி இருக்கான், டாக்டர்ட்ட காட்டலயா"ன்னு கேப்பாங்கன்னு குழந்தைய பாட்டிட்ட விட்டுட்டு அப்பாவும் தங்கச்சியும் மட்டும் போறது, அம்மா ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு போறதே நின்னு போறது, கோயில் திருவிழா, பீச், எக்சிபிஷன் எல்லாமே ஒவ்வொண்ணா கழண்டு போறது. யாரும் உக்காந்து திட்டம் போட்டு இத செய்யறதில்ல, மெல்ல மெல்ல ஆயிடுது. குடும்பம் வீட்டுக்குள்ள சுருங்கினா குழந்தையோட உலகமும் சுருங்குதுங்கறது அந்த 427 குடும்பத்த பாத்து வந்த முடிவு. அதனால நீங்க ரெண்டு பேரும் உங்க ஃப்ரெண்ட்ஸ பாக்க போறதும், அவனயும் கூட்டிட்டு போறதும் அவனுக்கான வேலை தான். அதுக்கு குற்ற உணர்ச்சி படாதீங்க.

இன்னொண்ணும் அதுல இருந்துச்சு. அந்த குழந்தைங்க வீட்டோட, அக்கம்பக்கத்தோட நடக்கற சாதாரண விளையாட்டு, பொழுதுபோக்குல தான் நிறைய இருந்தாங்க, கிளப், கிளாஸ், டீம்னு கோச் வச்சு நடக்கறதுல ரொம்ப கம்மி. 12 வயசு தாண்டினதும் நண்பர்களோட பழகறத தவிர மத்ததெல்லாம் குறையுது. உங்க பையனுக்கு 9. இப்ப தொடங்கினா நல்ல நேரம்.

இதெல்லாம் எப்படி அளந்தாங்கன்னு சொல்றேன், உங்க வீட்டுலயே பயன்படும். கேப்னு சுருக்கமா சொல்ற ஒரு கேள்வித்தாள், 2004ல வந்தது, 55 செயல்கள், படம் போட்டு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் கடந்த 4 மாசத்துல இத செஞ்சியா, எவ்வளவு தடவ, யாரோட, எங்க, எவ்வளவு பிடிச்சுதுன்னு குழந்தைட்டயே கேப்பாங்க. கடைசி கேள்விக்கு சிரிக்கற முகம் மாதிரி படங்கள காட்டி தொடச் சொல்லலாம். கூடவே "செய்ய முடியுமோ முடியாதோ, உனக்கு எது செய்ய ஆசை"ன்னு கேக்கறதுக்கு தனியா இன்னொரு தாள். அம்மாட்ட கேட்டா அம்மாவோட பதில் தான் வரும், அதனால பேச்சு குழறினாலும் அவன்ட்ட தான் கேக்கணும். நீங்க அந்த கேள்வித்தாள காசு குடுத்து வாங்க வேணாம். உங்க தெருவுல, ஸ்கூல்ல, சொந்தக்காரங்க வீட்டுல பசங்க என்னென்ன செய்யறாங்களோ அத எல்லாம் போட்டோ எடுத்தோ படம் வரைஞ்சோ வைங்க, கேரம், பட்டம், டிரம்ஸ், பாட்டு, நாய்க்குட்டிய குளிப்பாட்டறது, மொட்டமாடி, கடைக்கு போறது, மொபைல் கேம், கிரிக்கெட். பிரிக்க சொல்லுங்க. கிரிக்கெட் முதல்ல வருதான்னு பாருங்க. சில சமயம் வராது. அவன் கேட் பக்கத்துல நிக்கறத வச்சு நாம கிரிக்கெட்னு நினைச்சிருப்போம், அவனுக்கு வேண்டியது அந்த பசங்களோட இருக்கறதா இருக்கும், ஆட்டம் முடிஞ்சு திண்ணைல உக்காந்து பேசறாங்களே அதுவா கூட இருக்கும். அப்ப போட வேண்டிய திட்டமே வேற.

ஐரோப்பாலயும் ஒரு பெரிய ஸ்டடி நடந்துச்சு, ஸ்பார்க்கிள்னு பேரு, ஏழு நாடு, 8லேர்ந்து 12 வயசுக்குள்ள சிபி உள்ள 818 குழந்தைங்க, 2004-2005ல வீட்டுக்கு போய் கேட்டாங்க. தன் வாழ்க்கைய பத்தி தானே சொல்ல முடிஞ்ச 500 குழந்தைங்களோட பதில ஊனம் இல்லாத குழந்தைங்களோட பதிலோட ஒப்பிட்டா, வாழ்க்கை நல்லா இருக்குன்னு சொன்னதுல பெருசா வித்தியாசம் இல்ல. நாட்டுக்கு நாடு பங்கேற்பு மாறுச்சு, டென்மார்க் குழந்தைங்க மத்த இடங்கள விட அதிகமா கலந்துக்கிட்டாங்க. சிபி எல்லா ஊர்லயும் சிபி தான், ஒரே அளவு பாதிப்பு உள்ள ரெண்டு குழந்தைங்கள்ல டென்மார்க்ல இருக்கறவன் அதிகமா வெளில போறான்னா காரணம் அவன் காலுக்குள்ள இல்ல, அவன சுத்தி இருக்கு. இத படிச்சப்ப எனக்கு கோவமும் வந்துச்சு, நம்பிக்கையும் வந்துச்சு. காலை மாத்தறத விட தெருவ மாத்தறது சுலபம்.

அதே ஸ்டடில இன்னொரு விஷயம், வலி இருக்கற குழந்தைங்க குறைவா கலந்துக்கறாங்க. சிபி குழந்தைங்களுக்கு வலி சகஜம், பல பேர் சொல்றதே இல்ல, அவங்களுக்கு அது தினசரி வாழ்க்கை. விளையாட அனுப்பறதுக்கு முன்னாடி "எங்கயாவது வலிக்குதா"ன்னு உடம்ப தொட்டுக் காட்டி கேளுங்க, முக்கியமா இடுப்பு. வாக்கர் வச்சு நடக்கற குழந்தைக்கு இடுப்பு எலும்பு மெல்ல நகர வாய்ப்பு இருக்கு, அதுக்கு அப்பப்ப எக்ஸ்ரே எடுத்து பாக்கணும். கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு ஃபைல்ல பாருங்க.

இப்ப உங்க மெயின் கேள்வி, குழந்தைய மாத்தாம சூழல மட்டும் மாத்தினா பலன் வருமா? இத நேருக்கு நேரா சோதிச்சாங்க. 2011ல மேரி லா குழு வெளியிட்டது, சிபி உள்ள 128 சின்ன குழந்தைங்க, 1 வயசுலேர்ந்து 6 வயசுக்குள்ள, 6 மாசம். ஒரு பக்கம் வழக்கமான மாதிரி குழந்தையோட தசை, மூட்டு, அசைவு மேல வேலை. இன்னொரு பக்கம் தெரபிஸ்ட் குழந்தைய திருத்தவே முயற்சி பண்ணக்கூடாது, செய்யற வேலையையும் சுத்தி இருக்கறதையும் தான் மாத்தணும், நாற்காலி உயரம், பொம்மை வைக்கற இடம், பொருளோட கைப்பிடி, கூட இருக்கறவங்க செய்யற விதம், இப்படி. யாருக்கு எதுன்னு குலுக்கல்ல பிரிச்சாங்க. முடிவுல ரெண்டு குழுவும் முன்னேறினாங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. சூழல மட்டும் தொட்டவங்க பின்தங்கவே இல்ல. "நடக்கட்டும் அப்புறம் பாக்கலாம்"ங்கறதுக்கு இத விட நேரான பதில் எனக்கு தெரியல.

அதுக்கப்புறம் வந்தது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. மான்ட்ரியல்ல மெக்கில் யுனிவர்சிட்டில டேனா அனாபின்னு ஒரு ஆக்குபேஷனல் தெரபி பேராசிரியர், மேரி லாவோட எல்லாம் சேர்ந்து ப்ரெப்னு ஒரு முறைய உருவாக்கினாங்க. 2018ல வந்த ஸ்டடில 12லேர்ந்து 18 வயசுக்குள்ள உடல் ஊனம் உள்ள 28 பேர். 12 வாரம். ஒவ்வொருத்தரும் வெளில செய்ய ஆசைப்படற விஷயங்கள தானே தேர்ந்தெடுத்தாங்க. தெரபிஸ்ட் என்ன செஞ்சாங்கங்கறது தான் இதுல விசேஷம். பையனுக்கு அந்த விளையாட்டுக்கான பயிற்சி குடுக்கல, கை கால நீட்டி மடக்கல. அவனோடயும் பெத்தவங்களோடயும் உக்காந்து, இதுக்கு எது உதவுது எது தடுக்குதுன்னு எழுதினாங்க, போக்குவரத்தா, ஃபீஸா, படிக்கட்டா, டாய்லெட்டா, கோச்சோட பயமா, சாமான் ஒத்து வரலயா. அப்புறம் அந்த தடைகள ஒவ்வொண்ணா எடுக்கற வேலைய பாத்தாங்க, கோச்சுக்கு போன் போடறது, இடத்த நேர்ல போய் பாக்கறது, சாமானுக்கு ஏற்பாடு பண்றது, பணத்துக்கு வழி தேடறது. நடத்திப் பாத்து, அளந்து பாத்து, அடுத்ததுக்கு நகர்ந்தாங்க. இந்த வேலைய கத்துக்கறதுக்கு தான் பெத்தவங்களயும் பக்கத்துல வச்சுக்கறது, ஏன்னா தெரபிஸ்ட் போன பிறகு அடுத்த ஆசை வரும்ல.

அளந்தது எப்படின்னா, அந்த குறிப்பிட்ட விஷயத்துல நீ இப்ப எந்த அளவுக்கு இருக்கேன்னு 1லேர்ந்து 10க்குள்ள ஒரு மார்க் குடுக்கச் சொல்றது, சிஓபிஎம்னு ஒரு முறை, அதுல 2 பாயிண்ட் ஏறினாலே வாழ்க்கைல தெரியற மாற்றம்னு எடுத்துக்குவாங்க. ஒரு தடவ முன்னாடி ஒரு தடவ பின்னாடின்னு இல்லாம திரும்ப திரும்ப அளந்தாங்க, இந்த வேலை தொடங்கின இடத்துல மார்க் ஏறுதான்னு பாக்கறதுக்கு. ஏறுச்சு, 2 பாயிண்ட்டுக்கு மேலயே. முடிஞ்ச பிறகு பாத்தப்பவும் இறங்கிடல. அதே குழு 2020ல இன்னொண்ணு வெளியிட்டாங்க, இப்படி பிடிச்ச விஷயத்துல கலந்துக்கிட்ட பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு உடம்பு சம்பந்தப்பட்டதும் முன்னேறுச்சு, அசைவு, கவனம், மனநிலை மாதிரி விஷயங்கள், அவங்க தேர்ந்தெடுத்த செயலுக்கு ஏத்தபடி. தெரபி ரூம்ல தேடின முன்னேற்றத்துல கொஞ்சம் மைதானத்துலயே கிடைச்சுது. மாமியார்ட்ட காட்டறதுக்கு இது நல்லா உதவும்.

இது 28 பேர் தான், விடலைப் பருவம், கனடா மாதிரி வசதியான நாட்டு நகரம். உங்க பையனுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சத்தியம் பண்ணல. ஆனா பையன்ட்ட கேட்டு, தடைய எழுதி, தடைய எடுக்கறதுங்கற முறைக்கு கனடா வேண்டியதில்ல.

சரி தெரு கிரிக்கெட்டுக்கு வருவோம். பாக்க முடியாதவங்க ஆடற கிரிக்கெட் தெரியுமா? அதுக்கு உலகக்கோப்பை 1998லயே டெல்லில நடந்துச்சு. பந்துக்குள்ள குண்டு போட்டிருக்கும், உருண்டா கலகலன்னு சத்தம் வரும். பவுலர் "ரெடி?"ன்னு கேப்பாரு, பேட்ஸ்மேன் "எஸ்"னு சொன்னதும் "ப்ளே"ன்னு சொல்லி கைய தாழ்த்தி பந்த தரைல உருட்டி விடுவாரு. முழுசா பார்வை இல்லாதவர் அடிச்ச ரன் ரெண்டு மடங்கா எண்ணுவாங்க, அவர் ஒரு பிட்ச் விழுந்து புடிச்சாலும் கேட்ச். ஒன் பிட்ச் கேட்ச்! நம்ம தெருவுல எத்தன காலமா இருக்கற ரூல் அது. தெரு கிரிக்கெட்ட விட வளைஞ்சு குடுக்கற விளையாட்டு உலகத்துல இருக்கான்னு தெரியல, காம்பவுண்டுக்குள்ள விழுந்தா அவுட்டு, அந்த மாமி வீட்டு ஜன்னல்ல பட்டா மேட்ச் ஓவர், ஆள் குறைஞ்சா காமன் ஃபீல்டர், தினமும் ரூல் மாத்தறாங்க. அந்த பசங்கட்ட போய் "இவன் பேட் பண்ணட்டும், ரன்னர் ஒருத்தர் ஓடட்டும், இவனுக்கு அண்டர் ஆர்ம் போடுங்க"ன்னு சொன்னா அவங்களுக்கு அது புது ரூல் அவ்ளோ தான். நீங்க சொல்றத விட அவங்களயே "இவன சேர்த்துக்கணும்னா என்ன ரூல் வைக்கலாம்"னு கேட்டுப் பாருங்க. அவங்களே வச்ச ரூல அவங்க காப்பாத்துவாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. ஒப்புக்கு சப்பாணியா நிக்க வைக்கறது வேணாம், அந்த சொல்லே எனக்கு வலிக்கும், ஆனா நடக்கறது அது தான். ஆஸ்திரேலியால கிறிஸ்டின் இம்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் பல ஸ்டடிகள அலசிட்டு பங்கேற்புல ரெண்டு பாதி இருக்குன்னு சொன்னாங்க, அங்க இருக்கறது ஒண்ணு, அங்க இருக்கறப்ப உள்ளுக்குள்ள ஈடுபடறது ஒண்ணு. தினமும் போறான் ஆனா அம்பயரா ஓரமா உக்காந்திருக்கான்னா முதல் பாதி தான் நடந்திருக்கு. அம்பயர் ஆகறது அவனுக்கே பிடிச்சா ரொம்ப நல்லது. வேற இடம் இல்லன்னு அம்பயர் ஆக்கினா கூடாது. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, வீட்டுக்கு வந்ததும் என்ன பேசறான்னு பாருங்க. "அவன் நோ பால் போட்டுட்டு இல்லன்னு சொல்றான்மா"ன்னு சண்டையோட வந்தான்னா ஆட்டத்துக்குள்ள இருக்கான்.

வாக்கரோட தெருவுல பேட் பண்ண முடியாது, ரெண்டு கையும் வாக்கர்ல இருக்கும். உக்காந்து ஆட வேண்டி வரும், அதுக்கு வீல்சேர். "வீல்சேர்ல உக்கார வச்சா நடக்கறது மறந்துடுமே"ன்னு பயப்படுவீங்க, கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் இந்த பயம் உண்டு. சிபி குழந்தைங்கள ஐஞ்சு நிலையா பிரிக்கற முறை ஒண்ணு 1997லேர்ந்து இருக்கு, ராபர்ட் பாலிசானோ குழு கேன்சைல்டோட சேர்ந்து செஞ்சது, உங்க பையன் நீங்க சொல்றத வச்சு மூணாவது நிலை மாதிரி தெரியுது. அந்த நிலைக்கு எழுதி வச்சிருக்கற விவரத்துலயே, வீட்டுக்குள்ள கைல புடிச்சு நடக்கற சாதனம், தூரமா வெளில போறப்ப சக்கரம்னு தான் இருக்கும். வீட்டுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, வெளில ஒண்ணுன்னு மாத்தி மாத்தி பயன்படுத்தறது தான் இயல்பு. சிபி உள்ள குழந்தைக்கு நடக்கறதுக்கே மத்தவங்கள விட ரொம்ப சக்தி செலவாகும். வாக்கர்ல தெருமுனை வரைக்கும் நடந்து போய் களைச்சு உக்கார்ற பையன் எப்படி விளையாடுவான்? நடக்கறது ஸ்கூல்லயும் வீட்டுலயும் இருக்கட்டும், மைதானத்துக்கு சக்கரத்துல போகட்டும், மிச்சம் இருக்கற தெம்ப விளையாட்டுக்கு செலவு பண்ணட்டும். வெளி வீல்சேர் இல்லாதப்ப முதுகு சாய்மானமும் பெல்ட்டும் வச்ச உறுதியான நாற்காலில இருந்து கூட பேட் பண்ணலாம், உக்கார்ற விதத்த மட்டும் உங்க தெரபிஸ்ட்ட ஒரு தடவ நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. தெரபி நேரத்த இப்படி தெருவுக்கு கொண்டு வர்றது தான் நான் மனசார சொல்றது.

கிரிக்கெட் சரியா வரலன்னா போச்சியா பாருங்க, 1984லேர்ந்து பாராலிம்பிக்ல இருக்கற விளையாட்டு. ஒரு வெள்ளைப் பந்த முதல்ல போட்டுட்டு, ஒருத்தருக்கு ஆறு சிவப்பு, எதிராளிக்கு ஆறு நீலம், வெள்ளைக்கு யார் பந்து பக்கத்துல நிக்குதோ அவங்களுக்கு பாயிண்ட். நம்ம கோலி குண்டு ஆடறவனுக்கு ஒரு நிமிஷத்துல புரியும். கைய வீச முடியாத குழந்தை ஒரு சரிவுப் பலகை வழியா உருட்டி விடலாம், வீட்டுல பிவிசி பைப்ப நீளவாக்குல பாதியா அறுத்து வச்சாலே வேலை முடிஞ்சுது. இதுல இன்னொரு நல்லது என்னன்னா ஊனம் இல்லாத பசங்களும் சமமா உக்காந்து ஆடலாம், தங்கச்சியும் தோத்துப் போவா.

தடைகள் இருக்கும், இல்லன்னு சொல்லல. ரோட்டுல குழி, பார்க் வாசல்ல வண்டி வராம இருக்க போட்ட இரும்பு வளைவு, அதுல வீல்சேர் நுழையாது. பார்க்குக்குள்ள போனா மணல், ஊஞ்சல்ல முதுகு சாய்மானம் கிடையாது, டாய்லெட் பூட்டு. சென்னை மெரினாலயே மணல்ல வீல்சேர் போக முடியாம அலைய தூரத்துலேர்ந்து பாத்துட்டு திரும்பினவங்க எத்தன பேர், வருஷத்துக்கு ஒரு தடவ மாற்றுத்திறனாளிகள் தினத்த ஒட்டி தற்காலிகமா பாதை போடுவாங்க, அப்புறம் பல பேர் விடாம கேட்டு 2022 நவம்பர் கடைசில நிரந்தர மரப்பாதை திறந்தாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, திரும்ப சரி பண்ணாங்க. பெங்களூர்ல கிலிகிலின்னு பெத்தவங்க சேர்ந்து தொடங்கின அமைப்பு மாநகராட்சியோட சேர்ந்து கோல்ஸ் பார்க் மாதிரி பொது பூங்காலயே எல்லா குழந்தைங்களும் சேர்ந்து ஆடற இடம் உருவாக்கினாங்க, அவங்களும் கேட்டு தான் வாங்கினாங்க. கேக்கறதுக்கு உங்க கைல சட்டம் இருக்கு. ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல 30வது பிரிவு, மத்த குழந்தைங்களுக்கு சமமா விளையாட்டு, பொழுதுபோக்கு, ஓய்வுல கலந்துக்கற உரிமைன்னு குழந்தைங்கள தனியா பேர் சொல்லி எழுதிருக்கு, இந்தியா 2007ல அத ஏத்துக்கிட்டுச்சு. நம்ம 2016ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 29வது பிரிவு பொழுதுபோக்குக்கும், 30வது பிரிவு விளையாட்டுக்கும். ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல அவன கிளாஸ் ரூம்ல உக்கார வைக்கறாங்கன்னா ஹெட்மாஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுதறப்ப இந்த 30வது பிரிவ குறிப்பிடுங்க, சண்டை போட வேணாம், "இவனுக்கு ஏத்த மாதிரி என்ன மாத்தலாம்னு பி.டி. சாரோட பேச நேரம் குடுங்க"ன்னு கேளுங்க. உங்க தெரபிஸ்ட்டயும் கூட்டிட்டு போங்க.

தெரபில எத குறைக்கறதுன்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது, அது உங்க டாக்டரும் தெரபிஸ்ட்டும் பாத்து சொல்ல வேண்டியது, தசை இறுக்கத்துக்கு ஊசி போட்ட சமயம், ஆபரேஷன் முடிஞ்ச சமயம் எல்லாம் பிசியோவ விடக்கூடாது. ஆனா அவங்கட்ட கேக்கற கேள்விய மாத்துங்க. "இன்னும் எத்தன நாள்ல நடப்பான்"னு கேக்கறதுக்கு பதிலா "இவன் சாயந்தரம் தெரு பசங்களோட பேட் பண்ணணும்னு ஆசைப்படறான், அதுக்கு நம்ம என்ன செய்யணும்"னு கேளுங்க. நல்ல தெரபிஸ்ட்டுக்கு அந்த கேள்வி ரொம்ப பிடிக்கும், உக்கார்ற விதம், பேட்டோட பிடி, பேட்ட எட்டி வீச இடுப்புல வர வேண்டிய பலம்னு அவங்க போடற எக்சர்சைஸே அத நோக்கி திரும்பும். பையனும் அழாம செய்வான், எதுக்குன்னு அவனுக்கு தெரியுதுல்ல.

தொடங்கறதுக்கு முன்னாடி அவன்ட்ட 1லேர்ந்து 10க்குள்ள மார்க் கேட்டு காலண்டர்ல குறிச்சு வைங்க, "தெருல விளையாடறது இப்ப எப்படி இருக்கு, உனக்கு திருப்தியா"ன்னு ரெண்டு நம்பர். வாரா வாரம் அதே கேள்வி. ஏறலன்னா அவன குறை சொல்லாம தடை எது மிச்சம் இருக்குன்னு பாருங்க, நேரமா, ரூலா, நாற்காலியா, ஒரு குறிப்பிட்ட பையன் கிண்டல் பண்றானா. கிண்டல்னா அந்த பையனோட அம்மாட்ட நீங்க நேரா பேசறத விட, இவனோட நல்லா பழகற ஒரு பையன மட்டும் முதல்ல வீட்டுக்கு கேரம் ஆட கூப்பிடுங்க. ஒரு ஃப்ரெண்டு இருந்தா கூட்டத்துல போறது சுலபம், அவனோட பேச்சு குழறலும் அந்த ஃப்ரெண்டுக்கு பழகிடும், மத்தவங்களுக்கு அவனே சொல்லிடுவான் இவன் என்ன சொல்றான்னு.

முதல் வாரம் இருவது நிமிஷம் போதும், வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணி பாட்டிலோட, டாய்லெட் போயிட்டு வந்து. நீங்க பத்தடி தள்ளி நில்லுங்க, பக்கத்துலயே நின்னா பசங்க உங்கள பாத்து தான் பேசுவாங்க. விழுந்தா என்ன பண்றதுன்னு ஒரு பெரிய பையனுக்கு மட்டும் சொல்லிக் குடுத்து வைங்க, கைய புடிச்சு இழுக்கக்கூடாது, கூப்பிடணும்னு. எக்ஸ்ரே விஷயம் மறந்துடாதீங்க, ஃபைல பாத்துட்டு தேதிய எழுதுங்க, உக்கார்ற நாற்காலிய ஒரு போட்டோ எடுத்து போட்டீங்கன்னா உயரம் சரியா இருக்கான்னு பாத்து சொல்றேன்.